ஸ்டியரிங் முனகினால் சும்மா இருக்காதீங்க!
பவர் ஸ்டியரிங் பம்ப்பைக் காப்பாற்றும் வழிகள்



ஆடு, மாடு, தையல் மிஷின், கிரைண்டர், பெட்டிக்கடை பற்றியெல்லாம் நம் இதழில் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த முறை கார் பற்றிப் பேசப் போகிறோம். "எங்களுக்கு எதுக்கு மேடம் கார் விஷயம்?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நம் குழுக்களில் கடன் வாங்கி, பழைய சின்னக் கார் எடுத்து, வாடகைக்கு ஓட்டுகிற சகோதரிகள் இப்போது இருக்கிறார்கள். வீட்டுக்காரரோ மகனோ கார் ஓட்டிப் பிழைக்கிற குடும்பங்களும் உண்டு. அந்தக் கடனின் தவணை சங்கத்துக்குத்தான் வருகிறது. வண்டி நின்றால் தவணையும் நிற்கும்.

இதை எழுத வைத்தது ஒரு அனுபவம். அதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நடந்தது என்ன?

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு குழு. ஐந்து பேர் சேர்ந்து கடன் எடுத்து, மஞ்சள் போர்டு போட்ட ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார்கள். அந்த ஐந்து பேரில் ஒரு அக்காதான் லைசென்ஸ் எடுத்து ஓட்டினார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் திண்டுக்கல் ஆஸ்பத்திரி சவாரி, முகூர்த்த நாளில் கல்யாண வீடு. டீசல் செலவு போக ஒரு நாளைக்கு 800 ரூபாய் அளவுக்கு நின்றது. தவணை தவறவே இல்லை.

ஒரு நாள் கூட்டம் முடிந்து அந்த வண்டியில்தான் நான் திரும்பினேன். திருப்பங்களில் ஒரு சத்தம் வந்தது. கன்றைப் பிரிந்த மாடு தூரத்தில் முனகுவது போல, 'ங்ங்ங்' என்று. வளைவு முடிந்ததும் நின்றுவிட்டது.

"என்னக்கா சத்தம்?" என்றேன்.

"பத்து நாளா இப்படித்தான் மேடம். வீட்டுல சொன்னா, பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்ங்கிறாங்க."

நானும் சரி என்று விட்டுவிட்டேன். கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய் இடித்தால் நான் விடமாட்டேன். ஆனால் வண்டி விஷயம் நமக்குத் தெரியாது, நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். அதுதான் என் தப்பு.

அடுத்த மாதமே ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்துப் போனது. ஒரு பட்டறையில் விட்டார்கள். பம்ப் போய்விட்டது என்று சொல்லி, ரீகண்டிஷன் செய்த பம்ப் ஒன்றை மாட்டினார்கள். பம்ப்புக்கு 5,500, கூலியும் எண்ணெயும் 1,500, ஆக 7,000 ரூபாய். வண்டி 6 நாள் நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். 24 நாள் கழித்து அதே முனகல்!

இந்த முறை குழுவிலேயே பேச்சு மாறிவிட்டது. "வண்டி ராசியில்லை" என்றார் ஒருவர். "பொம்பளை ஓட்டினா இப்படித்தான்" என்று ஊரில் யாரோ சொன்னது கூட்டம் வரை வந்தது. "இவங்களுக்குக் கடன் கொடுத்ததே தப்பு" என்று நம் சகோதரியே ஒருவர் சொன்னபோது, ஓட்டுகிற அக்கா கண் கலங்கிவிட்டார். எலுமிச்சம்பழம் கட்டினார்கள், பூசணிக்காய் சுற்றினார்கள். கட்டுவதில் தப்பில்லை. கூடவே பானட்டையும் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் வத்தலக்குண்டில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் முதலில் பம்ப்பைத் தொடவே இல்லை. எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டார். வடைச் சட்டியில் மிஞ்சிய எண்ணெய் மாதிரிக் கறுப்பு! அடுத்து, டப்பாவோடு சேர்கிற ரப்பர் குழாயை விரலால் அழுத்திக் காட்டினார். காய்ந்த முருங்கைக்காய் போல விறைத்திருந்தது. கிளிப் தளர்ந்து, அந்த இடம் பூராவும் எண்ணெய்ப் பிசுக்கு.

"பம்ப் தானாச் சாகலைம்மா. எண்ணெய் இல்லாமச் சாகடிச்சிருக்கீங்க. புதுசு மாட்டினவங்க காரணத்தை எடுக்காம பம்ப்பை மட்டும் மாத்தியிருக்காங்க. அதனாலதான் இதுவும் கெட்டுச்சு" என்றார்.

பம்ப்பைப் பிரித்துச் சரிசெய்ய 2,800, குழாய் 1,200, எண்ணெய் 900, பெல்ட் 600, கூலி 1,000. ஆக 6,500 ரூபாய். வண்டி இன்னும் 5 நாள் நின்றது.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். முதல் செலவு 7,000. இரண்டாவது செலவு 6,500. வண்டி நின்ற 11 நாளுக்கு, நாளுக்கு 800 வீதம் 8,800. மொத்தம் 22,300 ரூபாய். இரண்டு மாதத் தவணையும் தள்ளிப் போனது. முதல் சத்தம் கேட்ட அன்றே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடமே கேட்டேன். "ஒரு கிளிப், அரை லிட்டர் எண்ணெய், என் கூலி. 350 ரூபாய்" என்றார்.

அன்று மதியம் அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததையும், பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

பவர் ஸ்டியரிங் எப்படி வேலை செய்கிறது?

காரின் முன் பாரம் முழுவதும் முன் சக்கரங்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. வண்டி நிற்கும்போது அதைக் கையால் திருப்புவது சிரமம். அந்தச் சிரமத்தைக் குறைக்க எண்ணெயின் அழுத்தத்தைப் பயன்படுத்துவதுதான் பழைய முறை பவர் ஸ்டியரிங்.

இதில் முக்கியமான பாகங்கள் ஐந்து:

1. எண்ணெய் டப்பா. பானட்டுக்குள் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பா.
2. பம்ப். எண்ணெயை அழுத்தித் தள்ளுவது.
3. பெல்ட். என்ஜின் சுற்றும்போது பம்ப்பையும் சேர்த்துச் சுற்றுவது. நம் தையல் மிஷினில் சக்கரத்தையும் மிஷினையும் பெல்ட் இணைக்கிறதே, அதே மாதிரி.
4. குழாய்கள். ஒன்று அழுத்தத்தோடு எண்ணெய் போவதற்கு, மற்றொன்று திரும்பி டப்பாவுக்கு வருவதற்கு. டப்பாவிலிருந்து பம்ப்புக்கு ஒரு குழாய் உண்டு.
5. ஸ்டியரிங் பெட்டி. சக்கரங்களைத் திருப்பும் தண்டு இதற்குள் இருக்கிறது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும் பக்கம் எண்ணெய் போய், அந்தத் தண்டைத் தள்ளிக் கொடுக்கும்.

பம்ப்புக்குள் மெல்லிய தகடுகள் ஒரு வட்டத்துக்குள் சுழல்கின்றன. அவற்றுக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் இடைவெளி தலைமுடியை விட மெல்லியது. அவை உரசித் தேயாமல் காப்பாற்றுவதும் அதே எண்ணெய்தான். சூட்டை எடுத்துக்கொண்டு போவதும் அதே எண்ணெய்தான். ஆக அந்த எண்ணெய் மூன்று வேலை பார்க்கிறது: தள்ளுகிறது, வழுக்கிக் கொடுக்கிறது, சூடு தணிக்கிறது. இவ்வளவுக்கும் சின்னக் காரில் இருப்பது மொத்தம் ஒரு லிட்டர் அளவுதான். அதனால்தான் கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து.

டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 30 பவுண்டு. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பிடிக்கும்போது எண்ணெயின் அழுத்தம் அதைவிட 30 மடங்குக்கும் மேலே போகும். அதற்கு மேல் போய்க் குழாய் வெடிக்காமல் இருக்க, உள்ளே ஒரு வால்வு இருக்கிறது. குக்கரில் வெயிட் தூக்கி ஆவியை விடுகிறதல்லவா, அதுபோல.

உங்க வண்டியில் பம்ப் இருக்கா?

எல்லாக் காரிலும் இந்தப் பம்ப் கிடையாது. இன்று புதிதாக வரும் சின்னக் கார்கள் பெரும்பாலும் மின்சார மோட்டார் வைத்த ஸ்டியரிங்தான். அதில் ஸ்டியரிங்குக்கு எண்ணெயும் இல்லை, பம்ப்பும் இல்லை. மாருதி வேகன் ஆர் இந்த வகை.

நம் ஆட்கள் வாங்கும் பழைய வண்டிகளில்தான் எண்ணெய் முறை அதிகம். டாடா இண்டிகா, ஹூண்டாயின் பழைய சான்ட்ரோ இவற்றில் பவர் ஸ்டியரிங் வைத்து வந்தவை எண்ணெய் முறைதான். இந்த இரண்டு வண்டியும் 1998-ல் வந்தவை. உற்பத்தி நின்றுபோனாலும் நம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தெரிந்துகொள்ளச் சுலபமான வழி: பானட்டைத் திறந்து, மூடியில் ஸ்டியரிங் படம் போட்ட சின்ன டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

பம்ப் ஏன் கெடுகிறது?

ஒன்று, எண்ணெய் குறைவது. இந்த எண்ணெய் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. சுற்றிச் சுற்றி அதே எண்ணெய்தான் ஓடுகிறது. அப்படியானால் குறைந்தால் என்ன அர்த்தம்? எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் காற்றை இழுத்து அலறுமே, அதே கதைதான் இங்கேயும். எண்ணெயோடு காற்று போகும், நுரைக்கும், தகடுகள் உரசும், பம்ப் தேயும்.

இரண்டு, எண்ணெய் கெடுவது. வருடக்கணக்கில் மாற்றாத எண்ணெய் கறுத்து, தேய்ந்த இரும்புத் தூளும் ரப்பர்த் தூளும் கலந்து மணல் போட்டுத் தேய்ப்பது போலத் தேய்க்கும். சில டப்பாக்களுக்குள் வடிகட்டி வலை இருக்கும். அழுக்கு அதில் அடைத்துக்கொண்டாலும் பம்ப்புக்குப் போதுமான எண்ணெய் போகாது.

மூன்று, தப்பான எண்ணெய். இது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. "எல்லாம் ஆயில்தானே" என்று கையில் கிடைத்ததை ஊற்றிவிடுவார்கள். குறிப்பாகப் பிரேக் ஆயிலை இதில் ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊறி உப்பிக் கெட்டுப் போகும். பிறகு எல்லா இடத்திலும் ஒழுகும். எந்த எண்ணெய் என்று டப்பாவின் மூடியிலோ வண்டிக் கையேட்டிலோ போட்டிருக்கும். பல வண்டிகளுக்குச் சிவப்பு நிற ஏ.டி.எஃப். எண்ணெய், சிலவற்றுக்கு பவர் ஸ்டியரிங்குக்கு என்றே உள்ள வேறு எண்ணெய். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

நான்கு, பெல்ட். தளர்ந்தால் வழுக்கி 'கிரீச்' என்று கத்தும், ஸ்டியரிங் விட்டு விட்டுக் கனக்கும். சத்தம் வருகிறதே என்று அளவுக்கு மீறி இறுக்கினால் பம்ப்பின் பேரிங்கும் சீலும் போய்விடும். தையல் மிஷின் வைத்திருக்கும் தோழிகளுக்கு இது சொல்லாமலே புரியும்.

ஐந்து, சூடு. ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பதுதான் பம்ப்புக்குப் பெரிய எதிரி. அந்த நேரத்தில் எண்ணெய் போக இடமில்லாமல் வால்வு வழியாக உள்ளேயே சுற்றிக் கொதிக்கிறது. குறுகலான தெருவில் ரிவர்ஸ் எடுக்கும்போது நாம் எல்லோரும் செய்வது இதைத்தான்.

வண்டி முன்கூட்டியே சொல்லும்

பம்ப் பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. பல நாள் முன்பே சொல்லிவிடும். கேட்பதற்குத்தான் நமக்குக் காது வேண்டும்.

• திருப்பும்போது முனகல்: எண்ணெய் குறைவாக இருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம்.
• காலையில் ஸ்டார்ட் செய்ததும் முனகி, ஓடச் சூடானதும் அடங்குவது: இதுவும் ஆரம்ப அறிகுறிதான். "அடங்கிடுச்சே" என்று விடாதீர்கள்.
• 'கிரீச்' என்ற கூர்மையான சத்தம்: பெல்ட்.
• ஸ்டியரிங் ஒரு சமயம் லேசாக, ஒரு சமயம் கனமாக இருப்பது: பெல்ட் வழுக்குகிறது அல்லது எண்ணெயில் காற்று இருக்கிறது.
• டப்பாவில் நுரை: காற்று புகுந்திருக்கிறது.
• வண்டி நின்ற இடத்தில் முன்பக்கம் எண்ணெய்க் கறை: ஒழுக்கு.

ஒழுக்கு எங்கே என்று தெரிய ஒரு எளிய வழி. இரவு நிறுத்தும்போது என்ஜினுக்குக் கீழே ஒரு பழைய அட்டையோ வெள்ளைத் தாளோ விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர், பயமில்லை. பச்சையோ ரோஸோ கலந்த தண்ணீர் என்றால் ரேடியேட்டர். கறுப்பாகப் பிசுபிசுத்தால் பெரும்பாலும் என்ஜின் ஆயில். சிவப்பாகவோ பழுப்பாகவோ மெல்லிய எண்ணெய் இருந்தால் ஸ்டியரிங் எண்ணெயாக இருக்கலாம். டப்பாவின் அளவையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஐந்து நிமிடம்

குழுக் கூட்டம் நடக்கும் நாளையே இதற்கும் வைத்துக்கொண்டால் மறக்காது.

முதலில் பாதுகாப்பு. என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகுங்கள். துப்பட்டா போட்டிருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். சடையை மேலே தூக்கிக் கட்டுங்கள். ஓடுகிற பெல்ட் துணியையும் முடியையும் இழுத்தால் விடாது. வண்டி ஓடி வந்த சூட்டில் எதையும் தொடாதீர்கள்.

1. வண்டியைச் சமமான தரையில் நிறுத்துங்கள்.
2. டப்பாவின் வெளிப்புறத்தைத் துணியால் துடையுங்கள். மூடியைச் சுற்றித் துடைக்காமல் திறந்தால் தூசி நேராக எண்ணெயில் விழும்.
3. டப்பாவில் 'மின்', 'மேக்ஸ்' என்று இரண்டு கோடு ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் சூடாக இருக்கும்போது ஒரு கோடு, ஆறியிருக்கும்போது ஒரு கோடு என்றும் இருக்கும். சிலவற்றில் மூடியிலேயே குச்சி இருக்கும்.
4. குறைந்திருந்தால் சரியான எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். 'மேக்ஸ்' கோட்டைத் தாண்ட வேண்டாம். ஊற்றிய தேதியை எழுதி வையுங்கள். அடுத்த வாரமே மறுபடி குறைந்தால், ஊற்றிக்கொண்டே போகாமல் ஒழுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.
5. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்து, தீய்ந்த வாசனை வந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.
6. குழாய் சேரும் இடங்களில் பிசுக்கு இருக்கிறதா, ரப்பர் விறைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் ஓடும்போது குழாயைக் கையால் தடவி ஒழுக்குத் தேடவே கூடாது. அவ்வளவு அழுத்தத்தில் ஊசி போலப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும்.
7. பெல்ட்டில் வெடிப்போ நூல் பிரிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம்தான் உள்ளே போக வேண்டும். தொளதொளவென்று ஆடக் கூடாது.
8. டயர்க் காற்றையும் பாருங்கள். முன் டயரில் காற்று குறைந்தால் ஸ்டியரிங் கனக்கும், பம்ப்புக்கும் வேலை கூடும்.

எண்ணெயை எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுவது? இரண்டு வருடம் அல்லது சுமார் 40,000 கிலோமீட்டர் என்பது பட்டறைகளில் சொல்லும் பொதுக் கணக்கு. கையேட்டில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். பழைய வண்டி வாங்கினால் முந்தையவர் மாற்றினாரா என்று ஆராய வேண்டாம். வாங்கியதும் ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

ஸ்டியரிங் முழுக்க ஒடிந்து முட்டியதும் ஒரு விரற்கடை தளர்த்திப் பிடியுங்கள். வளைவு கிட்டத்தட்ட அதேதான் கிடைக்கும், பம்ப் பிழைத்துக்கொள்ளும். முட்டிய நிலையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம்.

நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை வளைக்காமல், வண்டி மெல்ல நகரத் தொடங்கும்போது வளையுங்கள். கை, டயர், பம்ப் மூன்றுக்கும் நல்லது.

கொடைக்கானல் மாதிரி மலைப் பாதையில் ஓட்டுபவர்கள் புறப்படும் முன் எண்ணெய் அளவைக் கட்டாயம் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அடுத்தடுத்து ஒடிப்பதால் எண்ணெய் சூடாகும். இன்னொன்று மிக முக்கியம். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் என்ஜினை அணைத்து ஓட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. என்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், ஸ்டியரிங் கனக்கும். இரண்டொரு முறை மிதித்ததும் பிரேக்கும் கல்லாகிவிடும். அந்த மிச்சம் நமக்கு வேண்டாம்.

நடுவழியில் ஸ்டியரிங் கனத்துவிட்டால்?

பதற வேண்டாம். பம்ப் நின்றாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. வண்டி திரும்பும், பலம் அதிகம் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடியுங்கள், வேகத்தைக் குறையுங்கள், இண்டிகேட்டர் போட்டு இடது ஓரத்தில் நிறுத்துங்கள்.

பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது. அப்படியிருக்க ஓட்டிக்கொண்டே போனால் என்ஜினே சூடேறிக் கெட்டுவிடும். டப்பா காலியாக இருந்தாலும் ஓட்ட வேண்டாம், பம்ப் முழுசாகப் போய்விடும். எண்ணெய் சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். புகை வந்தால் பயணிகளை முதலில் இறக்குங்கள்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

"வண்டி விஷயம் உங்களுக்குப் புரியாதுக்கா" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

• பம்ப் கெடக் காரணம் என்ன? ஒழுக்கு எங்கே? எனக்குக் காட்டுங்க.
• பம்ப்தான் கெட்டது என்று எப்படி உறுதி செய்தீங்க? பெல்ட்டும் எண்ணெயும் பார்த்தாச்சா?
• சீல் மாற்றினால் போதுமா, பம்ப்பே மாற்றணுமா?
• பழைய எண்ணெயை முழுக்க எடுத்து, குழாய்களையும் டப்பாவையும் கழுவிட்டு மாட்டுவீங்களா?
• எண்ணெய் ஊற்றியதும் காற்று எடுப்பீங்களா? (முன்பக்கம் ஜாக்கி போட்டு, இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.)
• பழைய பம்ப்பை என்னிடம் கொடுங்க. பில் கொடுங்க. எத்தனை நாள் உத்தரவாதம்னு அதில் எழுதிக் கொடுங்க.

நான்காவது கேள்வியைக் கேட்காததுதான் எங்களுக்கு இரண்டாவது பம்ப்பையும் கெடுத்தது. பழைய அழுக்கு எண்ணெயில் புதுப் பம்ப்பை மாட்டுவது, கழுவாத பானையில் புதுப் பால் ஊற்றுவது மாதிரி. திரிந்துதான் போகும்.

வாகனக் கடன் கொடுக்கும் குழுக்களுக்கு

பழைய கார் வாங்கக் கடன் கேட்டு மனு வந்தால், பேப்பர், இன்சூரன்ஸ், எஃப்.சி. பார்ப்பதோடு வண்டியையும் பாருங்கள். காலையில், என்ஜின் சூடேறும் முன் ஸ்டார்ட் செய்து சத்தம் கேளுங்கள். இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொல்லுங்கள். டப்பாவைத் திறந்து துணியில் சொட்டு விட்டுப் பாருங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் விலையில் குறைத்துப் பேசலாம். சத்தமும் ஒழுக்கும் சேர்ந்து இருந்தால், நம்பிக்கையான மெக்கானிக் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வண்டி ஓடத் தொடங்கியதும் தவணையோடு சேர்த்துப் பராமரிப்புக்கும் தனியாக ஒரு தொகை எடுத்து வையுங்கள். அந்த நிலக்கோட்டைக் குழு இப்போது ஓடுகிற ஒவ்வொரு நாளும் 50 ரூபாய் உண்டியலில் போடுகிறது. 40 பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறார்கள். தேதி, கிலோமீட்டர், எண்ணெய் அளவு, பெல்ட், டயர், சத்தம் என்று ஆறு கட்டம். ஐந்து பேரும் முறை வைத்துப் பார்க்கிறார்கள். ஓட்டத் தெரியாதவர்களும் பானட்டைத் திறக்கிறார்கள். "வண்டி அஞ்சு பேரோடது, காது மட்டும் எனக்கு ஒருத்திக்கா?" என்று அந்த அக்கா கேட்ட பிறகு வந்த ஏற்பாடு இது.

பாக்கித் தவணையும் அடைந்துவிட்டது. "கடன் கொடுத்ததே தப்பு" என்று சொன்ன சகோதரிதான் இப்போது செவ்வாய்க்கிழமை முறைக்காரர். போன வாரம் டப்பாவில் எண்ணெய் ஒரு நூல் இறங்கியிருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். கிளிப்பை இறுக்கியதோடு வேலை முடிந்தது. செலவு 30 ரூபாய்.

தோழிகளே, கூட்டத்தில் ஒரு உறுப்பினர் இரண்டு வாரம் பேசாமல் இருந்தால் "என்னம்மா?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை வண்டியிடமும் கேளுங்கள். நான் அன்றைக்கு அதைக் கேட்டும் பதிலைக் காதில் வாங்காமல் விட்டேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். கார் வைத்திருக்கும் வீடு ஒன்றில் எல்லோரும் கூடி, பானட்டைத் திறந்து, அந்தச் சின்ன டப்பா எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பார்த்ததை நோட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசுவோம்.